வார்ரம் பெர்சி கையறுநிலை

ஊர் இல்லை, கோயில் நிற்கிறது. அதுவும் முழுதாய் நிற்கவில்லை. கூரை இழந்த சுவர்கள்; அவற்றின் மேற்கு முனையில் நெடுகப் பிளந்து, தன் உள்வயிற்றை மழைக்குக் காட்டி நிற்கும் பாதிக் கோபுரம்; சாய்ந்தும் சரிந்தும் கிடக்கும் கல்லறைக் கற்கள்; அவற்றுக்கப்பால் புல், புல்லுக்கப்பாலும் புல். இங்கிலாந்தின் வடபால் யார்க்‌ஷயர் நாட்டில், வோல்ட்ஸ் எனப்படும் வெண்சுண்ணக் குன்றுகளின் மேற்கு விளிம்பில், ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அடியில், ஊற்றுநீர் ஓடையாய்க் கசிந்தோடும் இடத்தில் இருக்கிறது அது. ஊரின் பெயர் வார்ரம் பெர்சி. கோயிலின் பெயர் புனித மார்ட்டின். ஊர் மேட்டில் இருந்தது. கோயில் அதன் காலடியில் இருந்தது. ஞாயிறுதோறும் மக்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்தனர். இன்று அம்மேட்டில் ஏறிப் பார்ப்பவர் கண்ணில் படுபவை வரிசையாய் நீளும் புல்மேடுகளே. மேடு ஒவ்வொன்றும் ஒரு மனையின் எல்லை. இடைப்பட்ட பள்ளம் அவர்கள் நடந்த தெரு. வெயில் சாய்ந்து விழும் வேளையில் ஊரின் உருவம் முழுதும் நிழற்கோடாய் எழுகிறது. வெயில் அடங்கத் தானும் அடங்குகிறது.

அந்தோ, மார்ட்டின் கோயிலே! உன்னை முன்னிறுத்தி யாருக்காக அழுவது? தலைவன் மாய்ந்தபோது அவன்பால் பரிசில் பெற்றோர் கையற்றுப் புலம்புவது நம் புலவர் மரபு. இங்கே தலைவருக்காக அழ வேண்டியதில்லை. இவ்வூருக்குத் தம் பெயரைத் தந்த பெர்சிகளுக்கும், அவர்க்குப்பின் இதை ஆண்ட ஹில்ட்டன்களுக்கும் ஏடும் முத்திரையும் இருந்தன. அவர்தம் பெயர்கள் பிழைத்துக்கொண்டன. உன்னைக் கட்டியவர்க்கு ஏடில்லை. உன் தரையில் மண்டியிட்டவர்க்கு முத்திரையில்லை. அவர்கள் எத்தனை பேர், எப்போது பெருகினர், எப்போது குறைந்தனர் என்பதை எழுதி வைத்தது உன் சுவர் ஒன்றுதான். மக்கள் பெருக நீ பெருகினாய்; அவர் அருக நீ அருகினாய். கல்லால் ஆன உடம்புக்கு இப்படி ஒரு கூருணர்வு உண்டென்று உன்னைக் காணாதார் நம்பமாட்டார்.

நீ பிறந்தபோது கல்லாய்ப் பிறக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டளவில் மரத்தூண்களை மண்ணில் நட்டுச் சிறிதாய் ஒரு கோயில் எழுப்பினர். அத்தூண்கள் மக்கி மறைந்தன. அவை நின்ற குழிகள் மறையவில்லை. உன் நடுக்கூடத்துத் தரைக்கடியில், தம்மேல் எழுந்த எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, ஆயிரம் ஆண்டு அவை வாய்மூடிக் கிடந்தன. மரக்கோயிலின் இடத்தில் அடுத்து ஒரு கற்கோயில் எழுந்தது. நடுக்கூடம் ஒன்று, பீடவறை ஒன்று; அவ்வளவே. ஒரு நிலக்கிழானின் குடும்பமும் அவன் ஏவலரும் நிற்பதற்குப் போதுமான இடம். அதன் தென்புறத்தில் மூன்று கல்லறைகள் இருந்தன. மேலே செதுக்கிய கற்பலகை, தலைமாட்டில் ஒரு நடுகல், கால்மாட்டில் ஒரு நடுகல் என அமைந்த அவற்றில் கிடந்தோர் இம்மண்ணின் உடையவர்களாகவே இருக்க வேண்டும். ஏழைக்கு அப்படிக் கல் கிடைக்கும் காலமன்று அது. தம் மனையருகே தமக்கென்று கட்டிய கோயிலின் நிழலில் அவர்கள் படுத்தார்கள். கோயில் தமக்கு மட்டும் உரியதாய் என்றும் நில்லாது, சுற்றியிருந்த ஊரெல்லாம் உள்ளே வரும் என்று அவர்கள் எண்ணியிருப்பார்களோ?

வந்தது. நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னைத் தலைமுறைகளில், பன்னிரண்டாம் நூற்றாண்டில், சிறுகோயிலைத் தன் வயிற்றுள் அடக்கிக்கொண்டு ஒரு பெருங்கோயில் எழுந்தது. நடுக்கூடம் அகன்றது. பீடவறை கிழக்கே நீண்டு அரைவட்டமாய் முடிந்தது. மேற்கே கோபுரம் எழுந்தது. வோல்ட்ஸ் குன்றுகளில் ஓரூர் மற்றோரூருக்குத் தெரியாது; பள்ளத்தாக்கின் மடிப்பு ஒவ்வொன்றும் தன்னுள் இருப்பதை ஒளித்துக்கொள்ளும். ஆயினும் மணியோசை மேட்டைக் கடக்கும். ஓர் ஊருக்கு மட்டுமா அந்த ஓசை? திக்ஸண்டேல், ரேஸ்தார்ப், பர்டேல், டௌதார்ப் என்று மேலும் நான்கு சிற்றூர்கள் உன் பங்கில் இருந்தன. ஐந்து ஊரின் பிள்ளைகளுக்கும் நீயே திருமுழுக்குத் தந்தாய். ஐந்து ஊரின் பிணங்களையும் உன் தோட்டமே ஏற்றது.

அந்நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பெருங்கோயிலும் போதாமற் போயிற்று. தென்சுவரைத் திறந்து, தூணும் வளைவுமாய் அமைத்து, அதற்கப்பால் ஒரு பக்கக்கூடம் கட்டினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வடசுவருக்கும் அவ்வாறே செய்தனர். சுவரைத் திறப்பது எளிய செயலன்று. மேலே கூரை இருக்கிறது. கூரையின் பாரம் சுவரில் இருக்கிறது. அச்சுவரின் அடியைக் கல்கல்லாய் எடுத்து அதன் இடத்தில் வளைவை நிறுத்த வேண்டும். வளைவு தன் உச்சிக்கல் விழும்வரை தன்னைத் தானே தாங்காது. அதுகாறும் மரச்சாரம் தாங்க வேண்டும். உச்சிக்கல் அமர்ந்து, சாரம் இளகி, கூரை இறங்காமல் நின்ற அந்தக் கணத்தில் கல்தச்சன் விட்ட மூச்சை எந்தக் கணக்கர் எழுதினார்? பீடவறையின் அரைவட்டக் கோடியும் பின்னர் மாறிற்று. சதுரமாய் நிமிர்ந்த சுவர் வந்தது. இங்கிலாந்தின் பங்குக்கோயில்கள் பலவும் அக்காலத்தில் அரைவட்டத்தை விட்டுச் சதுரத்துக்குப் போயின. பீடத்தைச் சுற்றிய சடங்குகள் விரிந்தன, இடம் வேண்டியிருந்தது.

கோயில் பருத்து நின்ற அந்நாளில் ஊர் எப்படி வாழ்ந்தது? வளமாய் வாழ்ந்தது என்று சொல்லத்தான் மனம் அவாவுகிறது. கல்லறைத் தோட்டம் அப்படிச் சொல்ல விடவில்லை. பிற்காலத்து ஆய்வாளர் அங்கிருந்து 687 பேரின் எலும்புகளை எடுத்தனர். பதினான்கு வயதுப் பிள்ளையின் உயரம், இன்றைய பத்து வயதுப் பிள்ளையின் உயரமே இருந்தது. பசியும் நோயும் குளிரும் சேர்ந்து நான்கு ஆண்டின் வளர்ச்சியைத் தின்றிருந்தன. தாய்மார் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை பாலூட்டினர் என்பதை எலும்பின் வேதியியல் கூறுகிறது. தம் வயிறு ஒட்டியிருக்கையிலும் ஊட்டினர். பால் மறந்த பிறகே பிள்ளையின் வளர்ச்சி தளர்ந்தது. அன்னையே, உன் மார்பு செய்த காவலை உன் வயல் செய்யவில்லை. வயலின் குற்றமும் அன்று அது. வெண்சுண்ணப் பாறைமேல் படிந்த மண் ஆழமில்லாதது. மழைநீரை வைத்திராது, கீழே விட்டுவிடும். அந்த மண்ணில் வாற்கோதுமையும் கோதுமையும் விளைவித்து, விளைந்ததில் ஒரு பங்கை உடையவனுக்கும் பத்தில் ஒன்றைக் கோயிலுக்கும் அளந்த பின்னர் எஞ்சியதை உண்டு, பக்கக்கூடம் இரண்டு கட்டினார்கள்.

அவ்வெலும்புகளுள் ஒருவன் இருக்கிறான். அவனை மறந்து இப்புலம்பலை நடத்த என்னால் இயலாது. ஏறத்தாழ நாற்பது வயது ஆண். மரக்கோயிலோ முதற் கற்கோயிலோ நின்ற நாளில் வாழ்ந்தவன். வலிய அடி ஒன்றால் அவன் மண்டை நொறுங்கியது. யாரோ ஒருவர் தலைத்தோலை விலக்கி, எலும்பைச் சுரண்டி, நொறுங்கிய துண்டுகளை எடுத்து மூளையின்மேல் அழுந்திய பாரத்தை நீக்கினார். மயக்க மருந்து கிடையாது. எழுத்தறிந்த மருத்துவர் அவ்வூரில் இருந்திருக்க வழியில்லை. ஆயினும் எலும்பின் விளிம்பு ஆறியிருக்கிறது. அவன் பிழைத்து மேலும் வாழ்ந்தான். ஓர் உழவூரில், ஓர் உழவனின் உயிருக்காக, அத்தகைய கை ஒன்று இருந்தது. நாம் இழந்தது இத்தகைய ஊரை.

அச்சமும் அங்கே வாழ்ந்தது. ஊர்ப்பக்கத்துக் குழி ஒன்றில், கோயில் தோட்டத்துக்கு வெளியே, குறைந்தது பத்துப் பேரின் எலும்புகள் 137 துண்டுகளாய்க் கிடைத்தன. பதினோராம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை இறந்தவர்கள். எலும்பில் கத்தி கீறிய தடம். தீ பட்ட தடம். இறந்த உடலைத் துணித்தார்கள், எரித்தார்கள். இறந்தவர் எழுந்து இரவில் நடப்பார் என்னும் பயமே காரணம் என்று அவற்றை ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். மார்ட்டின் கோயிலே, உன் வாயில் அவர்களுக்கு அடைத்தது. உன் மணி அவர்களுக்கு ஒலிக்கவில்லை. தாயும் தந்தையும் பெயரிட்டு வளர்த்தவர்களை அந்நிலையில் இட்ட ஊரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. நள்ளிரவில் கதவைத் தாழிட்டு நடுங்கிய ஏழைகள் அவர்கள். துணிக்கப்பட்டோர்க்கும் அழுவோம், துணித்தவர்க்கும் அழுவோம்.

1349இல் கொள்ளைநோய் யார்க்‌ஷயரை அடைந்தது. இறந்த ஊர்களின் கதையை அந்நோயோடு முடித்துவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அது பிழை. வார்ரம் பெர்சி நோயால் மெலிந்தது, மாயவில்லை. எஞ்சியோர் மீண்டும் உழுதனர்; வெண்சுண்ணக் கல்லில் அடியிட்ட நீள்வீடுகளில், ஒரு கோடியில் தாமும் மறு கோடியில் மாடுமாய், குளிர்காலத்தை மாட்டின் மூச்சுச் சூட்டில் கழித்தனர். இடிந்த வீட்டின் இடத்தில் வேறு வீடு எழுந்தது. அவர்களைச் சாய்த்தது கம்பளி. நோய்க்குப்பின் உழைக்கும் கைகள் அருகின, கூலி ஏறியது, உண்ணும் வாய்கள் குறைந்ததால் தானியத்தின் விலை தாழ்ந்தது, கம்பளி விலைபோயிற்று. பத்துக் குடும்பம் உழ வேண்டிய நிலத்தை ஓர் இடையனும் ஒரு நாயும் காத்துவிடலாம் என்று நிலமுடையோர் கண்டுகொண்டனர். ஏர்கள் நின்றன. 1517இல் அரசாணைப்படி வந்து ஊர்களின் அழிவை விசாரித்தவர்கள், வார்ரம் பெர்சியில் நான்கு வீடுகள் அழிக்கப்பட்டன, நான்கு ஏர்கள் நிறுத்தப்பட்டன என்று பதிந்தார்கள். ஹில்ட்டன் பெருமகனின் பெயரில் அப்பதிவு இருக்கிறது. ஊருக்கு எஞ்சியிருந்த கடைசி மூச்சு அந்நான்கு வீடாக இருக்கலாம். அவ்வீட்டார் எவ்வழி போயினர்? முதுகில் எதைச் சுமந்து போயினர்? கலப்பையை விற்றார்களா, விட்டுப் போனார்களா? பதிந்தவர் ஏரை எண்ணினார்; ஏர்பிடித்தவனைக் கேட்கவில்லை.

ஊர் போனபின் கோயில் என்ன செய்யும்?

இங்கேதான், மார்ட்டின் கோயிலே, என் நெஞ்சு உன்னை விட்டு அகல மறுக்கிறது. நீ இடிந்து விழவில்லை. உன்னை மெல்லச் சுருக்கினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியளவில் தென்பக்கக் கூடத்தை இறக்கினர்; பின்னொரு காலத்தில் வடபக்கக் கூடத்தையும் இறக்கினர்; பதினேழாம் நூற்றாண்டில் பீடவறையின் நீளத்தையும் குறைத்தனர். நிரப்ப ஆளில்லாத இடத்துக்குக் கூரை மேய்வது வீண்செலவு. எஞ்சிய சில குடும்பங்களின் கையிருப்பு அதைத் தாங்காது. ஆனால் எப்படிக் குறைத்தார்கள் என்று பாருங்கள். முந்நூறாண்டு முன் தம் முன்னோர் சுவரைத் திறந்து நிறுத்திய வளைவுகளை அவர்கள் தகர்க்கவில்லை. வளைவு நிற்க, அதன் வாயைக் கல்லிட்டு அடைத்தனர். அழிந்த பக்கக்கூடத்தின் வெளிச்சுவரில் இருந்த சாளரங்களைச் சட்டமும் கல்லுமாய்ப் பெயர்த்துக் கொணர்ந்து அந்த அடைப்பில் மீண்டும் பதித்தனர். ஒரு சாளரம் வீணாகவில்லை. கூடம் இருட்டவில்லை.

இன்றும் அச்சுவரில் இது கண்கூடு. அடைத்த கல்லின் நடுவே வளைவின் கோடு தூணிலிருந்து எழுந்து வளைந்து மறுதூணில் இறங்குகிறது. அதன் வயிற்றில், தனக்குரியதல்லாத இடத்தில், சாளரம் ஒன்று அமைந்திருக்கிறது. ஐரோப்பாவின் பெரும் பேராலயங்கள் கட்டடக்கலை வரலாற்றில் இடம்பெறுகின்றன. அவற்றின் உயரமும் ஒளியும் போற்றத்தக்கவையே. ஆயினும் குறைந்துகொண்டே போகும் ஓர் ஊருக்காக, உறுதியாய்த் தெரிந்த நட்டத்துக்குள், ஒரு சாளரத்தைக் கைதவறாமல் பெயர்த்து வைத்த அந்தத் தச்சனின் திறம் அவற்றினும் தாழ்ந்ததென்று நான் கொள்ளமாட்டேன். கட்டுவோருக்கு நம்பிக்கை துணையாய் நிற்கும். அவனுக்கு அது இல்லை. தான் அடைக்கும் வளைவை இனி எவரும் திறக்கமாட்டார் என்று அறிந்தே அவன் சாந்து குழைத்தான்.

நீ பெயர் தாங்கும் புனிதர், குளிரில் நடுங்கிய இரவலனுக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாக்கிப் பாதியை ஈந்தவர் என்பது மரபுக்கதை. அவர் ஈந்ததைப் பெற்றுக்கொள்ள ஒருவன் எதிரில் நின்றான். நீ உன் இரு பக்கத்தையும் களைந்தபோது பெற்றுக்கொள்ள எதிரில் எவர் இருந்தார்?

இத்தனைக்குப் பிறகும் உன் மணி ஓயவில்லை. ஊரிழந்த கோயில்களுள் பல, ஊர் போன சில காலத்தில் தாமும் போயின. அவற்றின் கல்லைக் கொண்டு களஞ்சியமும் வேலிச்சுவரும் கட்டினர். உனக்கு அப்பாற்பட்ட ஊர்கள் இருந்தன. உன் சொந்த ஊர் புல்லாய்ப் போனபின் மூன்றரை நூற்றாண்டு உன்னை உயிர்ப்பித்தவர்கள் திக்ஸண்டேலின் மக்கள். மேடேறி, ஆட்டுமந்தைகளுக்கிடையே வந்து, பள்ளத்தாக்கில் இறங்கித் தொழுதார்கள். மணமக்கள் அவ்வழி வந்தனர். பச்சிளம் பிள்ளைகளைப் போர்த்திக்கொண்டு அவ்வழி வந்தனர். பிணத்தைத் தோளில் சுமந்து, வோல்ட்ஸின் எதிர்காற்றில், இளைப்பாற ஒரு வீடும் இல்லாத வெளியில், அவ்வழியே வந்தனர். உன் தோட்டத்தில் இன்று சாய்ந்து நிற்கும் கற்களிற் பெயர் படிக்க முடிவன பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டினருடையவை; இவ்வூர் என ஒன்று இருந்ததைப் பாட்டன் வாய்க்கதையாய்க்கூடக் கேட்டிராதவர்கள். இறந்தபின் இவ்வூரின் குடிகளானார்கள்.

1870இல் அவர்களுக்கும் வழி எளிதாயிற்று. சர் டாட்டன் சைக்ஸ் என்னும் பெருநிலக்கிழார், ஜி. ஈ. ஸ்ட்ரீட் என்னும் புகழ்வாய்ந்த கட்டடக் கலைஞரைக் கொண்டு திக்ஸண்டேலிலேயே ஒரு கோயில் எழுப்பினார். முதியோர்க்கும் கருவுற்றோர்க்கும் அது அருட்செயல். பனிக்காலத்தில் பிணம் சுமந்தோரின் தோள் அதை வாழ்த்தியிருக்கும். நானும் வாழ்த்துகிறேன். அன்றுதொட்டு உன் மேட்டுவழியில் புல் வளர்ந்தது. அருகிலிருந்த பண்ணைகளின் சில குடும்பங்களே உனக்கு எஞ்சின. வடக்கே ஒரு மைலில் வார்ரம்-லி-ஸ்ட்ரீட் ஊருக்கு அதற்கேயான பழங்கோயில் இருந்தது. பள்ளத்தாக்கின் வழியே 1853இல் வந்த தொடர்வண்டிப் பாதையும் உன் பக்கம் மக்களைக் கொணரவில்லை. அருகிருந்த பாறையை வெட்டிக் கொண்டுபோயிற்று. 1949இல் உன் பீடத்தின் முன் கடைசி வழிபாடு நடந்தது. ஆயிரம் ஆண்டளவும் ஒருவர் மாறி ஒருவர் ஏற்றிய விளக்கை அன்று யாரோ ஒருவர் அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கூரை போயிற்று. மழை உள்ளே வந்தது. சுண்ணச்சாந்து நீரில் இளகியது. நீர் பனியாய் உறைந்து கல்லிடுக்கை அகட்டியது. 1959இல் கோபுரத்தின் மேற்குப் பாதி சரிந்தது.

நீ மெலிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் உன் மேட்டுக்கு இருவர் வந்தார்கள். மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் பொருளியல் வரலாறு பயின்றவர், லீட்ஸில் கற்பித்தவர். பழைய நிலப்படங்களிலும் வரிக்கணக்குகளிலும் பெயர் இருந்து தரையில் இல்லாத ஊர்களை அவர் தேடினார். இங்கிலாந்தில் அத்தகைய ஊர்கள் மிகச் சிலவே என்று அறிஞர் கருதிய காலம் அது. இன்று அறியப்பட்டவை மூவாயிரத்துக்கும் மேல். 1950இல் வார்ரம் பெர்சியின் புல்மேட்டில் அவர் மண்வெட்டியை இட்டார். புல்லுக்கடியில் சுவர் இருந்தது. 1954இல் இங்கிலாந்தின் இழந்த ஊர்களைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. அவரோடு சேர்ந்த ஜான் ஹர்ஸ்ட் தொல்லியலாளர். குறுகிய அகழிகளாய் வெட்டிச் சுவரைத் துரத்தும் பழைய முறையை விட்டு, ஒரு மனையின் பரப்பு முழுவதையும் திறந்து படலம் படலமாய் இறங்கும் முறையை அவர் அங்கே வேரூன்றச் செய்தார். அதனால்தான் ஒரே மனையில் வீடு எத்தனை முறை விழுந்து எத்தனை முறை எழுந்தது என்பது தெரிந்தது. 1990 வரை, நாற்பது ஆண்டு, கோடைதோறும் தன்விருப்பாய் வந்த மாணவரும் ஊராரும் பிறரும் கூடித் தோண்டினர். இறந்த ஊரில் மீண்டும் கோடைக்குக் கோடை புகை எழுந்தது, குழந்தைகள் ஓடின, சோறு பொங்கிற்று.

1962 முதல் 1974 வரை உன்னைத் தோண்டினார்கள். வாழும் கோயிலின் தரையை யார் பெயர்ப்பார்? இருக்கை கிடக்கும், கல்லறை கிடக்கும், ஞாயிறு வரும். இங்கிலாந்தின் பங்குக்கோயில்கள் ஆயிரக்கணக்கில் தம் அடியில் தம் முற்பிறப்புகளை மூடிக்கொண்டு நிற்கின்றன, காட்டுவதில்லை. நீ கூரையிழந்தாய், உன் வழிபாடு நின்றது, ஆதலால் உன் தரை திறந்தது. மரக்கோயிலின் தூண்குழிகளும், அதன்மேல் முதற் கற்கோயிலும், அதைச் சூழ்ந்து பெருங்கோயிலும், அரைவட்டக் கோடியின் அடித்தளமும், இறக்கிய பக்கக்கூடங்களின் சுவடும் ஒன்றன்கீழ் ஒன்றாய் வெளிவந்தன. ஓர் எளிய ஊர்க்கோயிலின் வாழ்நாள் முழுவதும் அப்படி அடிமுதல் அறியப்பட்டது அதன்முன் அரிது. உன் பிறப்பை அறிய உன் இறப்பு வேண்டியதாயிற்று. அறிந்தவர் மகிழ்ந்தார்கள், நானும் அவர் நூல்களைப் படித்து மகிழ்ந்தவனே. அம்மகிழ்ச்சிக்கு நீ தந்த விலை பெரிது.

ஹர்ஸ்ட் 2003இல் மறைந்தார். பெரஸ்ஃபோர்ட் 2005இல் மறைந்தார். ஏர் நின்ற ஊருக்கு மண்வெட்டியால் நாற்பது ஆண்டு உயிர்கொடுத்த அவ்விருவரையும் இழந்தாய். உனக்கு மேலும் ஓர் இழவு அது. இப்போது அரசின் காப்பில் இருக்கிறாய். உன் எஞ்சிய கோபுரம் மேலும் சரியாதபடி இடுக்குகளில் சாந்து பூசுகிறார்கள். உன் தெற்கே பழைய நீர்த்தேக்கத்தை மீட்டு நீர் நிறைத்திருக்கிறார்கள். ஒருகாலத்தில் ஆலை அணையாகவும் பின்னர் மீன்குளமாகவும் இருந்தது அது. நடந்து வருவோர் வருகிறார்கள், அடைத்த வளைவைத் தொட்டுப் பார்க்கிறார்கள், போகிறார்கள். ஆடுகள் மட்டும் 1517க்கு முன்பிருந்து போகவில்லை.

டௌதார்ப்பே, ரேஸ்தார்ப்பே, பர்டேலே! நீங்களும் ஊராய் இருந்தீர்கள். நீங்களும் பண்ணையாய் ஒடுங்கினீர்கள். உங்கள் பிள்ளைகளும் இத்தரையிலேதான் நனைந்து பெயர் பெற்றன. உங்கள் முதியோரும் இம்மண்ணுக்கே வந்தனர். கல்லறையில் எடுத்த 687 பேருள் எவர் உம்முடையவர், எவர் வார்ரம் பெர்சியினர் என்று பிரித்தறிய எலும்பில் ஊர்ப்பெயர் இல்லை. உங்கள் பேரைச் சொல்லி அழுவதற்கு ஒரு பாதிக் கோபுரமும் உங்களுக்கு எஞ்சவில்லை. ஆகவே மார்ட்டின் கோயிலின் பேரால் உங்களையும் கூட்டியே அழுதேன். இது உங்கள் பங்குக்கோயில், இந்தப் புலம்பலிலும் உங்களுக்குப் பங்கு உண்டு.